நாங்கள் விலைக்கு வாங்கிய மூலவர்

எங்கள் ஊருக்குக் கால்பந்து வந்ததற்குக் காரணம் கரும்பு. இதைவிடப் பெருமையான காரணம் எதையாவது எங்கள் ஊர்க்காரர்கள் சொன்னால் நம்பாதீர்கள். நாராயணவனத்திலிருந்து உள்ளே தள்ளி, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. சுற்றுவட்டாரம் முழுக்க கிரிக்கெட்தான். எங்கள் மைதானத்துக்கோ மூன்று பக்கமும் கரும்புத் தோட்டம். ஓங்கி அடித்த பந்து உள்ளே போனால் போனதுதான். வாங்கி வாங்கிக் கட்டுப்படியாகாமல், தேடினால் கண்ணுக்குத் தெரிகிற அளவில் ஒரு பந்து வேண்டும் என்று யாரோ புத்தூருக்குப் போய்க் கால்பந்து வாங்கி வந்தார்கள். அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை.

அந்தப் பைத்தியக்காரர்களில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். திருப்பதியில் ஒரு லாட்ஜில் தண்ணீர்க் குழாய், மோட்டார் எல்லாம் பார்த்துக்கொள்கிற வேலை. நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்குப் போகிறேன். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். இருவரும் சேர்ந்து வீட்டில் இருப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கும் அவர் மைதானத்தில் இருப்பார். ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தேன். பிறகு நானும் போய் வரப்பில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். இப்போது எங்கள் அணியின் தப்புகளைப் பற்றி அவரைவிட எனக்கு அதிகம் தெரியும். நேரம் கிடைக்கும்போதெல்லாம் அவருக்கு எடுத்துச் சொல்லியும் வருகிறேன்.

பொங்கலுக்கு அக்கம்பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஒரு கோப்பைப் பந்தயம் நடத்துவோம். ஒழுங்கான கோல் கம்பம் இருப்பது எங்கள் மைதானத்தில் மட்டும்தான் என்பதால் ஆட்டமெல்லாம் எங்கள் ஊரில்தான். மைதானம் எங்களுடையது, சுண்ணாம்புக் கோடு போடுவது நாங்கள், வருகிறவர்களுக்குச் சோறு போடுவது நாங்கள். கோப்பை மட்டும் ஏரிக்கரை ஊருக்குப் போய்விடும். எங்கள் ஊர் அதை ஒருமுறைகூட வாங்கியதில்லை. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு விடுகிறவன் மாப்பிள்ளை ஆக முடியுமா என்று என் மாமியார் கேட்பார்.

போன வருடம் பந்தயத்துக்கு முன்னால் பால் சொசைட்டிக்காரர் ஒரு யோசனை சொன்னார். எங்கள் ஊரில் எந்த யோசனையும் அவரிடமிருந்துதான் வரும். காலையும் மாலையும் எல்லோரும் பால் ஊற்ற அவரிடம் போய் நிற்பதால், காது கொடுத்துக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. மெட்ராசிலிருந்து ஓர் ஆட்டக்காரரைக் காசு கொடுத்துக் கூட்டி வருவோம் என்றார். கையோடு போனில் ஒரு வீடியோவையும் காட்டினார்.

"மனவாடு, நம்ம ஆளு, பாருங்கண்ணா! கோலு மேல கோலு!" என்றார்.

எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். அது ஒரே கோலைப் பல பக்கத்திலிருந்து எடுத்த வீடியோ என்பது பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு யாருக்கும் அது தோன்றவில்லை. கேட்ட விலை கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்கு வீடு ஒரு தவணைப் பால் பணத்தை அப்படியே சொசைட்டியிலேயே பிடித்துக்கொள்ளச் சொன்னோம். எருமை இல்லாத வீடுகள் மாங்காய்க் கூலியில் சேர்த்து வைத்ததிலிருந்து கொடுத்தன. இவ்வளவு ஒற்றுமையாக எங்கள் ஊர் ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை.

வருகிற ஆள் யார் இடத்தில் ஆடுவது என்ற பேச்சு வந்தது. நடுவில் நின்று கோல் அடிக்கிற ஆள் அவர். எங்கள் அணியில் அந்த இடம் என் வீட்டுக்காரருடையது, கல்யாணத்துக்கு முன்பிருந்தே. அவராகவே எழுந்து, "என் எடத்துல ஆடட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"உன்ன யாரு மாமா கேட்டாங்க? அவனவன் கம்முனு இருக்கறான், நீ ஏன் எழுந்தே?"

"முட்டி இன்னொரு வருஷம் தாங்காதுடி. இதான் கடைசி. நான் வெளிய நின்னாலும் பரவால்ல. அந்தக் கப்பு ஒரு தபா நம்ம ஊருக்குள்ள வரணும்."

"நீ ஓடாம வந்தா அது உன் கப்பா?"

"ஊரு கப்பு" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முட்டிக்கு ராத்திரியெல்லாம் உப்புத் தண்ணீர் ஒத்தடம் கொடுத்தவள் நான். கடைசி வருடம் என்றால் அந்தக் கடைசி வருடத்தையாவது ஓடி முடிக்கட்டுமே என்றிருந்தது. ஆனால் மனிதர் கோப்பைக்காகத் தன் இடத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டார். இனி கோப்பை வந்துதான் ஆகவேண்டும் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வருகிறவன் யாருடைய இடத்தில் ஆடுகிறானோ அவர் வீட்டில்தான் அவனுக்குச் சோறும் படுக்கையும். மனத்தாங்கல் வரக்கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் செய்த ஏற்பாடாம். செய்த பெரியவர்களில் சமைக்கிறவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரரை வரப்பில் உட்கார வைக்கப்போகிறவனுக்கு நான் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன்.

புத்தூர் ஸ்டேஷனில் இறங்கி வந்த ஆளைப் பார்த்தால் கோபப்படவும் முடியவில்லை. ஒல்லியாக, அடக்கமாக, வாசலிலேயே செருப்பை வரிசையாக விட்டுவிட்டு, "இன்னாக்கா, நல்லாக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். களியும் குழம்பும் போட்டேன். தட்டில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டார். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனவரைப் பிடித்து நிறுத்தவேண்டி இருந்தது.

போகிப் பண்டிகை அன்று முதல் ஆட்டம். எங்கள் வீட்டிலிருந்து மைதானத்துக்குப் போகத் தெரு முழுக்க நடக்க வேண்டும். அந்தத் தெருவில்தான் கதையே இருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் கையில் டம்ளரோடு நின்றார். பால். பச்சையாகக் கறந்த பால், காய்ச்சிய பால், வெல்லம் போட்ட பால். "நம்ம ஊட்டுப் பாலுதாம்பா, தெம்பு வரும். குடிச்சிட்டுப் போய் ஒரு கோலு போடு!" பால் பணம் கொடுத்துவிட்டோம், இனிப் பாலையும் கொடுத்தால் நேராகக் காலில் இறங்கும் என்று ஊரே நினைத்திருக்கிறது. அவரும் ஒரு வாசலையும் விடாமல் நின்று, குடித்து, கும்பிட்டுவிட்டுப் போனார். எவ்வளவு மரியாதை என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. மெட்ராஸ்காரர் நின்றார். பந்து வந்தது, நின்றார். பந்து போனது, அப்போதும் நின்றார். ஒருமுறை நாலு அடி ஓடிப்போய் இடுப்பில் கைவைத்துக் குனிந்துகொண்டார். எங்கள் பின்வரிசை ஆள் ஒருவர் தலையில் பந்து தானாக வந்து மோதி கோலுக்குள் போனதால் பிழைத்தோம்.

மறுநாள் பொங்கல். சர்க்கரைப் பொங்கலும் நெய்யும் பாலுமாக வாசல்தோறும் நேற்றைவிட அமோகமான உபசாரம். மைதானத்தில் நேற்றைவிட அமோகமாக நின்றார்.

முதலில் வாய் திறந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. ஊரிலேயே அதிக எருமை வைத்திருக்கிறவர்; அதனால் அதிகப் பணம் கொடுத்தவர்; அதனால் அதிக உரிமை உள்ளவர்.

"டேய், என் எரும பாலு உன் உடம்புல ஓடுது! நீ ஏண்டா ஓட மாட்டேங்கறே? என் எரும இதவிட நல்லா ஓடும்டா!"

அவ்வளவுதான், அணை உடைந்தது. ஆளாளுக்குத் தன் வீட்டுப் பாலின் பேரால் திட்டினார்கள். வரப்பிலிருந்து ஒருவர் எழுந்து, "உற்சவரக் கூட்டினு வாங்கனு துட்டு குடுத்தா, மூலவரப் பேத்து எடுத்துனு வந்துக்கீறாங்கய்யா!" என்றார். கோயில் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையா? வீதி சுற்றுகிறவர் உற்சவர். கருவறையை விட்டு அசையாதவர் மூலவர். மைதானமே கொல்லென்று சிரித்தது. அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு மூலவர் என்றே பெயர். பார்க்க வந்திருந்த ஏரிக்கரை ஊர்க்காரர்கள், "மீ தேவுடு கதலடு!" என்று தெலுங்கில் தங்கள் பங்குக்கு, உங்கள் சாமி அசையாது என்றார்கள். அந்த ஆட்டத்தை எப்படியோ பெனால்டியில் ஜெயித்து இறுதிக்கு வந்து சேர்ந்தோம்.

அதோடு விட்டார்களா? திரும்பி வருகிற வழியில் பால் சொசைட்டிக்காரர் என்னை நிறுத்தி, "ஏம்மா, சோத்துல இன்னா கலக்கறே? உன் ஊட்டுக்காரன் ஆடணும்னுதானே?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரே கோல பத்து தபா காட்டின ஆளு நீங்க. மொதல்ல உங்க போன்ல இன்னா கலந்தீங்கனு சொல்லுங்க" என்றேன். அவர் பால் கேனைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

அன்று சாயங்காலம் விருந்தாளி சாப்பிட உட்காரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றார். அதட்டிக் கேட்டதும் மெதுவாகச் சொன்னார்.

"எனக்குப் பாலே ஒத்துக்காதுக்கா. சின்ன வயசுலேர்ந்து. டீ கூட பிளாக் டீதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏம்பா ஊட்டுக்கு ஊடு நின்னு குடிச்சே?"

"அவங்க பால் காசுலதான் என்ன வரவெச்சிருக்காங்கோ. அதச் சொல்லிச் சொல்லி குடுக்கறாங்கோ. காச வாங்கிக்கினு பால மட்டும் வேணாம்னு எப்டிக்கா சொல்றது?"

பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. ஓட வேண்டிய ஆளை ஊர்கூடிக் குடிக்கவைத்து உட்கார்த்திவிட்டு, ஏன் ஓடவில்லை என்று அதே ஊர்கூடிக் கத்தியிருக்கிறோம். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் இறுதி ஆட்டத்துக்குத் தெருவழியே கூட்டிப்போகாமல் கரும்புத் தோட்டத்து வரப்பு வழியாகக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தோம். வெறும் ரசம் சாதம் போட்டுப் படுக்கவைத்தேன்.

மாட்டுப் பொங்கல். கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, எருமைகளையும் பசுக்களையும் மைதானத்து ஓரமாக ஓட்டி வந்து கட்டியிருந்தார்கள். ஏரிக்கரை ஊர்தான் எதிரி. எங்கள் மெட்ராஸ்காரர் கரும்புக்குள்ளிருந்து திருட்டுத்தனமாக வெளியே வந்தார். தெருவில் டம்ளரோடு காத்திருந்தவர்கள் ஏமாந்து முணுமுணுத்தார்கள்.

ஆனால் ஆட்டம்! மனிதர் பறந்தார். காலில் பந்து ஒட்டிக்கொண்டு போனது. ஒரு அடி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொன்றை அவர்கள் கோல் காக்கிற கோலி விழுந்து பிடித்தார். வீடியோவில் பார்த்த ஆள் இவர்தான் என்று ஊருக்கே நம்பிக்கை வந்தது. இதற்கிடையே ஏரிக்கரைக்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். ஆனாலும் யாருக்கும் கவலையில்லை. இடைவேளை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பார் என்று எல்லோர் முகத்திலும் தெளிவு.

இடைவேளையில் பெரியம்மா தூக்குச்சட்டியோடு வந்தார். முந்தாநாள்தான் அவர் எருமை கன்று போட்டிருந்தது. தூக்கு நிறைய சீம்பால், வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சியது.

"உன்னப் போயி எருமன்னு சொல்லிட்டேன் சாமி. மனசுல வச்சிக்காத. இந்தா, வாயத் தொற."

நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "பெரியம்மா, வேணாம். அதுக்குப் பாலு ஒத்துக்காது."

"பாலு ஒத்துக்காதவன் ஒலகத்துல இருக்கானாடி? அவங்கம்மா கம்பங்கூழு ஊத்தியா வளத்தா?"

சொன்னவர் கண்ணில் தண்ணீர் நின்றது. விருந்தாளி என்னைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பெரியம்மா தன் கையாலேயே கடைசிக் கரண்டி வரை ஊட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

இரண்டாம் பாதியில் மூலவர் மறுபடி கருவறைக்குள் போய்விட்டார். நின்றார். வியர்த்தார். ஊர் பழையபடி ஆரம்பித்தது. "முட்டிக்காரன எறக்குங்கப்பா!" என்று சில குரல்களும் கேட்டன. என் வீட்டுக்காரர்தான் காப்டன். வரப்பில் உட்கார்ந்தபடியே மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். நம் வீட்டில் சாப்பிடுகிறவனைப் பந்தியிலிருந்து எழுப்புவதா என்று அவருக்குத் தயக்கம். கோப்பைக்காகத்தானே இடத்தைக் கொடுத்தார்? இப்போது கோப்பையும் போகிறது, இடமும் போய்விட்டது. அந்த மனிதருக்கு இந்த ஆட்டத்தில் மிஞ்சியது வரப்பு மட்டும்தானா?

ஆட்டம் முடியச் சற்று நேரம் இருக்கும்போது விருந்தாளியே முடிவெடுத்தார். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பனியனைக் கழற்றி என் வீட்டுக்காரர்மேல் வீசிவிட்டு, கரும்புத் தோட்டத்தைப் பார்த்து ஓடினார். அந்த மூன்று நாளில் அவர் அவ்வளவு வேகமாக ஓடி நாங்கள் பார்த்ததில்லை. "இந்த ஓட்டத்த கொஞ்சம் மின்னாடி ஓடியிருக்கலாமேடா!" என்று யாரோ கத்தினார்கள்.

என் வீட்டுக்காரர் பனியனை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஈரப் பனியன் அவருக்கு இறுக்கமாக இருந்தது. இறங்கியதும் ஊர் கை தட்டியது. நானும் எழுந்து நின்றுவிட்டேன். கடைசி நிமிடங்களில் அவர்கள் கோலி முன்னால் ஏறி வந்து விழுந்துவிட, பந்து உருண்டு நேராக இவர் காலுக்கு வந்தது. எதிரே திறந்த கோல். ஆள் இல்லை, தடை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தள்ளுகிற பந்து. காலை ஓங்கினார். ஊன்றிய முட்டி மடங்கியது. பந்து கம்பத்துக்கு மேலே எழும்பிக் கரும்புக்குள் போய் விழுந்தது.

மூன்று நாளாகத் தொண்டை கிழியக் கத்திய ஊர் அது. மெட்ராஸ்காரர் தும்மினால்கூட விடாமல் திட்டிய ஊர். இப்போது என் வீட்டுக்காரர் திறந்த கோலை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. பெரியம்மா "ச்சொ" கொட்டினார். பால் சொசைட்டிக்காரர், "பாவம், வயசாயிடுச்சில்ல" என்றார், மெதுவாகத்தான். அந்தப் "பாவம்" என் காதில் விழுந்ததும் எனக்கு அழுகை முட்டியது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். உச்சுக்கொட்டுவது ஆடி முடித்தவர்களுக்குச் செய்கிற மரியாதை.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வரப்பின்மேல் ஏறி நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"யோவ்! எங்க பெரியம்மா எரும வாலால தட்டியே உள்ள தள்ளியிருக்கும்யா!"

ஊர் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு எருமையைப் பார்த்தது. அது வண்ணக் கொம்போடு, கழுத்து மாலையில் பாதியைத் தின்றுகொண்டு நின்றிருந்தது. முதலில் சிரித்தது பெரியம்மா. "என் எரும அப்பவே சொல்லிச்சுடா, என்ன எறக்குங்கனு!" என்றார். பிறகு மைதானமே பிடித்துக்கொண்டது. திட்டு என்றால் திட்டு, மூலவருக்குக் கிடைத்ததில் ஒன்றும் குறையவில்லை. என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பல் தெரியச் சிரித்தார். கையை ஊன்றி எழுந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரும்பு விலகியது. விருந்தாளி வெளியே வந்தார், வெளிறிய முகத்தோடு, கையில் பந்தோடு. "உள்ள வந்து விழுந்துச்சுண்ணா" என்று பந்தை என் வீட்டுக்காரரிடம் உருட்டிவிட்டார். ஏரிக்கரை ஊர்க்காரர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் விசில் ஊதிவிட்டார்கள். கோப்பை வழக்கம்போல ஏரிக்கரைக்குப் போனது.

சாயங்காலம் மூவரும் ரசம் சாதம் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் காலை நீட்டி முட்டியில் துணி சுற்றியிருந்தார். விருந்தாளி அடுத்த வருடம் காசே வேண்டாம், பால் மட்டும் காட்டாதீர்கள், வருகிறேன் என்றார். கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா தன் வீட்டு வாசலிலிருந்து, "அப்போ மோரு?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் கேட்டார்: "ஊரே கம்முனு இருந்துச்சு. நீ மட்டும் ஏண்டி அப்படிக் கத்தினே?"

"அவங்க எல்லாரும் உன்ன வழியனுப்பி வச்சிட்டாங்க மாமா. நான் இன்னும் அனுப்பல."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு விருந்தாளி பக்கம் திரும்பினார்.

"தம்பி, அடுத்த வருஷம் நீ வலது பக்கம் ஆடு. நடுவுல நான் இருக்கேன்."

"சரிண்ணா" என்றார் விருந்தாளி. எனக்குக் கோப்பையே வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. இருவர் தட்டிலும் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.